பச்சைக் காய் தின்னாத வீடு

ஈப்போவுக்கு வெளியே,
சீனர் காய்கறித் தோட்டம்,
12-6-1973

அன்புள்ள கலா அக்காவுக்குத் தங்கை தனம் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீ, அம்மா, அப்பா மூன்று பேரும் அங்கே சுகம்தானா? கப்பலில் அம்மாவுக்கு வாந்தி நின்றதா? நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உங்கள் விலாசம் போன வாரம்தான் கிடைத்தது. நம் எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டிலிருந்த கொளஞ்சிநாதன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குச் சொந்த ஊர் காடாம்புலியூராம், நெய்வேலிக்குப் பக்கம்தானாம். இனி கடிதம் தவறாது என்றார்.

அம்மாவுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டு. நிறுத்தி நிறுத்திப் படி. நீ வேகமாகப் படிப்பாய்.

அப்பா என்னை விட்டுப்போன இந்த வீட்டில் ஒரு விதவை அம்மாளும் அவள் மகன்கள் இரண்டு பேரும். அவளை ஆசோ என்று கூப்பிடச் சொல்கிறார்கள். நாம் அத்தை என்கிற மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் கடகடவென்று சீனத்தில் பேசுகிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரிவதில்லை. மூன்று மாதக் குழந்தையில் என்னை யாரோ அம்மா மடியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்பதற்காக எனக்குச் சீனம் தெரிந்துவிடுமா? நான் மலாயில் பதில் சொல்கிறேன். கோபம் வந்தால் தமிழில் சொல்கிறேன்.

இங்கே சாப்பாடுதான் பெரிய பாடு. சுற்றிலும் வெள்ளரி, முள்ளங்கி, சலாதுக் கீரை, நீளக் காராமணி. கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை. ஆனால் ஒரு காயைக் கூடப் பச்சையாக வாயில் வைக்கக் கூடாது. வெள்ளரிக்காயைச் சூப்பில் போட்டு வேக வைக்கிறார்கள் அக்கா! சலாதைக் கூடக் கொதிநீரில் முக்கி எடுத்து எண்ணெய் ஊற்றித்தான் தட்டில் வைக்கிறாள். தண்ணீரும் கொதித்ததுதான். அம்மா பண்ணுகிற வெங்காயத் தயிர்ப்பச்சடியைப் பற்றிக் கையால் சைகை காட்டிச் சொன்னேன். ஆசோ தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோவு வந்தவள் போல் முகத்தைச் சுளித்துக் காட்டினாள். மகன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாஸ்போர்ட் வந்து நானும் கப்பலேற ஆறு மாதம் ஆகும் என்று அப்பா சொன்னார். நாலு போய்விட்டது. இரண்டுதானே என்று இருக்கிறேன்.

அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்.

உன் தங்கை,
தனம்


நெய்வேலி நகரியம்,
20-7-1973

அன்புத் தங்கை தனத்துக்கு ஆசிகள்.

இங்கு யாவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இப்போது பெரியப்பா குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறோம். இரண்டு அறை, பெரியப்பா வீட்டார் ஐந்து பேர், நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பெரியப்பாதான் ஆளைப் பிடித்து வாங்கிக் கொடுத்தார். வேலை முடிந்து வரும்போது அப்பாவின் காது மடல் வரை பழுப்பு மண். ஊரெல்லாம் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி தெரு. போன வாரம் கடைக்குப் போய்த் திரும்பும்போது வேறொருத்தர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

அவர்கள் சமைத்ததைச் சாப்பிடு. பிடிவாதம் வேண்டாம். வெந்தது வயிற்றுக்கு நல்லதுதான். அவர்கள் பேச்சையும் நாலு வார்த்தை பழகிக்கொள். எதற்கும் உதவும்.

அன்புடன்,
சந்திரகலா


காய்கறித் தோட்டம்,
18-9-1973

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் பற்றி விவரமாக எழுது. போன கடிதத்தில் அம்மாவைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தாய். அதை எத்தனை தடவைதான் படிப்பது?

ஆசோ என்னை அடித்துவிட்டாள். சொல்கிறேன் கேள்.

காலையில் வெள்ளரி பறிக்கப் போனேன். பனி படிந்த ஒரு பிஞ்சு, விரல் நீளம்தான் இருக்கும். பாவாடையில் துடைத்துக் கடித்தேன். இரண்டாவது கடி கடிக்கவில்லை, பின்னாலிருந்து வந்து என் கையில் ஓங்கி அடித்தாள். பிஞ்சு பாத்தியில் விழுந்தது. தாடையை அழுத்திப் பிடித்து வாயில் இருந்ததையும் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். "மாடா நீ? மாடா?" என்று மலாயில் கத்தினாள். நான் தமிழில் என்னென்னவோ திட்டினேன். அம்மா கேட்டால் வாயில் சூடு போடுவாள், அதை மட்டும் படிக்காதே.

அப்புறம் அவள் மூத்த மகன் என்னைப் பாத்திப் பக்கம் கூட்டிப் போய் இரண்டு வாளிகளைக் காட்டினான். கக்கூஸ் வாளி அக்கா. அதைத்தான் தண்ணீர் கலந்து எல்லாப் பாத்திக்கும் ஊற்றுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன், ஆனால் யோசித்ததில்லை. "இதில் வளர்ந்ததை வேகவைக்காமல் தின்றால் வயிறெல்லாம் புழு" என்றான். அது ஒன்று. இன்னொன்று, பச்சையானது எல்லாம் உடம்புக்குக் குளிர்ச்சியாம். பெண்பிள்ளைகள் தொடவே கூடாதாம். விலக்கான நாட்களில் ஆசோ எனக்குப் பழம் கூடத் தருவதில்லை. இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர்தான்.

அன்று சாயங்காலம் கன்னம் வீங்கியிருந்தது. ஆசோ எனக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சி, மேலே முட்டை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. காலையில் பார்த்தால் அதே கிண்ணத்தைச் சுட வைத்து மறுபடி கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா, ஆகஸ்டோடு ஆறு மாதம் முடிந்துவிட்டது. அந்தப் பேப்பர் என்ன ஆனது? ஈப்போவில் மனு எழுதுகிறவர் கடையில் நான் கையெழுத்துப் போட்டேனே, அதுதான். இங்கிலீஷில் இருந்ததை நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய், பாஸ்போர்ட்டுக்கு மனு என்று. எந்த ஆபீசில் கிடக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுது. கொளஞ்சிநாதன் அண்ணன் போய் விசாரிக்கிறேன் என்கிறார்.

தனம்


நெய்வேலி,
21-1-1974

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் போட நாலு மாதம் ஆகிவிட்டது, கோபிக்காதே. வீடு மாறினோம். அப்பாவுக்கு வேலை பர்மனென்ட் ஆகி, தனி குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. பழைய விலாசத்துக்கு எழுதாதே, புது ப்ளாக் நம்பரைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர். லயத்தில் வரிசையில் நின்றதெல்லாம் கனவு போல இருக்கிறது. கொல்லையில் அம்மா வெண்டை போட்டிருக்கிறாள். பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செங்கமலம் அக்கா இந்தப் பக்கத்துக்காரர். என்னோடு நல்ல சிநேகம். எட்டாவது வரை படித்தவர், வாரப் பத்திரிகை எல்லாம் வாங்குவார்.

பேப்பர் விஷயம் மெதுவாகத்தான் நடக்குமாம். கொளஞ்சிநாதன் அண்ணன் போய் விசாரிக்க வேண்டாம், அதனால் கெடுதல் ஆகலாம் என்று அப்பா சொல்கிறார்.

அந்த அம்மாள் உன் நல்லதுக்குத்தானே அடித்தாள்? பொறுத்துக்கொள்.

சந்திரகலா


காய்கறித் தோட்டம்,
9-2-1974

அக்காவுக்கு,

என் உடம்பு இப்போது பரவாயில்லை. சீனப் பெருநாளுக்கு முன் எனக்குப் பத்து நாள் காய்ச்சல். அம்மாவுக்குச் சொல்லாதே. இல்லை, சொல். சொன்னால் அப்பாவை அரித்தெடுப்பாள், காரியம் நடக்கும்.

பத்து நாளும் ஆசோ என்னைப் பச்சைத் தண்ணீரில் கைகூடக் கழுவ விடவில்லை. வெந்நீர்த் துணியால் துடைத்தாள். அரிசியைக் கரையக் கரைய வேகவைத்து ஊட்டினாள். தூக்கத்தில் நான் அம்மா அம்மா என்றேனாம். இளைய மகன் சொன்னான்.

இப்போது கேள், ஒரு அதிசயம். பெருநாளின் ஏழாம் நாள் இந்த வீட்டில் பச்சையாகத் தின்றார்கள்! வருஷத்தில் ஒரே நாள்தானாம். முள்ளங்கியை நூல் நூலாகச் சீவி, பச்சை மீனை மெல்லிசாக நறுக்கி, எல்லாரும் சுற்றி நின்று குச்சியால் உயர உயரத் தூக்கிப் போட்டுக் கலக்கினார்கள். அந்த முள்ளங்கி எங்கள் பாத்தியில் விளைந்தது இல்லை. வேறெங்கோ வாங்கி, உப்புத் தண்ணீரில் ஏழெட்டுத் தடவை கழுவியது. அப்படியும் எனக்கு ஆசோ இரண்டே இரண்டு நூல்தான் போட்டாள்.

அந்த ஏழாம் நாள் மனிதர்கள் எல்லாருக்கும் பிறந்தநாளாம். ஆசோ ஒவ்வொருவர் வயதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இவர்கள் வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர் வைக்கிறார்கள். என் முறை வந்தபோது, நாய் வருஷம், விடியற்காலம், மழை என்றாள். மகன்கள் சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வயதை அப்பா சொல்லியிருப்பார். நான் பிறந்தபோது மழை பெய்தது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு மூன்று மாதம் அல்லவா?

உனக்கு ஏதாவது தெரியுமா அக்கா?

தனம்


நெய்வேலி,
2-4-1974

தனத்துக்கு,

நலம். உன் காய்ச்சல் தேவலையா? நீ கேட்டது எதுவும் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் ஏதோ பேசிக்கொள்வார்கள், அதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்காதே. அடுத்த கடிதத்தில் பேப்பர், ஆபீஸ் என்று எழுத வேண்டாம். பெரியப்பா வந்தால் மேஜைமேல் இருப்பதைப் படிக்கிறார். வெயில் அதிகம். அம்மா சுகம்.

கலா


காய்கறித் தோட்டம்,
25-8-1974

அக்கா,

நீ சுகமாக இருப்பாய். அப்பாவும் அம்மாவும் சுகமாக இருப்பார்கள். இந்த முறை அதைக் கேள்வியாக எழுதவில்லை.

கால் வீக்கத்துக்கு டிஸ்பென்சரிக்குப் போக என் அடையாள அட்டை வேண்டியிருந்தது. ஆசோ பசாருக்குப் போயிருந்தாள். தகரப் பெட்டியை நானே திறந்தேன். அட்டைக்குக் கீழே மடித்த பேப்பர் ஒன்று. இங்கிலீஷில் எழுதியிருந்தது, கீழே அப்பாவின் கையெழுத்து. எனக்கு ஒரே சந்தோஷம். மனுவின் நகல் என்று நினைத்து, வீங்கிய காலோடே நம் பழைய எஸ்டேட்டுக்கு ஓடினேன். கொளஞ்சிநாதன் அண்ணன் எஸ்டேட் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் கூட்டிப் போனார். அவர் படித்துத் தமிழில் சொன்னார்.

"இந்தப் பெண்ணை, பெற்ற தாயிடமே இன்று திரும்ப ஒப்படைத்துவிட்டேன். இனி எனக்கு இவள்மேல் உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. சங்கரலிங்கம்." கீழே ஆசோவின் கைநாட்டு. அதற்குக் கீழே, "படித்துக் காட்டக் கேட்டு முழுச் சம்மதத்துடன்" என்று போட்டு என் கையெழுத்து. கடைசியில், படித்துக் காட்டியவர், ச. சந்திரகலா.

கிராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது தெரிஞ்சுதானேம்மா கையெழுத்துப் போட்டே?" என்றார். ஆமாம் என்று சொன்னேன். உன்னைப் பொய்க்காரி என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். ஆசோ கீரையைக் கொதிநீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"நீதான் என்னைப் பெத்தியா?" என்று கேட்டேன். ஒன்றரை வருஷத்தில் அந்த அளவுக்குச் சீனம் வந்திருக்கிறது.

கீரையை எடுக்காமல் நின்றாள். குழைந்துபோனது. "உங்க அப்பன்தான் சொல்ல வேண்டாம்னான். சொன்னா ஓடிப்போவா, பழகட்டும்னான்."

"எதுக்கு என்னைக் குடுத்தே?"

"நீ நாலாவது பொட்டை. என் புருஷன் ரத்தம் ரத்தமாக் கக்கிக்கிட்டிருந்தார். இந்தப் பிள்ளையை வெளியே குடுத்தா பிழைப்பார்னு கோயில்ல சாமி வந்தவன் சொன்னான். குடுத்தேன். அவர் பிழைக்கல."

"திரும்ப எதுக்கு வாங்கினே?"

"தோட்டத்துக்கு ஆள் வேணும்." குழைந்த கீரையை வடித்துக்கொண்டே, "அதுவும் ஒரு காரணம்" என்றாள்.

"பெத்தவன்னு சொல்லாம, அடிக்க மட்டும் உனக்குக் கை வந்துதா?"

அதற்குத்தான் அவள் அழுதாள். எனக்கு நேர் மூத்தவள் ஒருத்தி இருந்தாளாம். நாலு வயதில் பாத்தியிலிருந்து முள்ளங்கி பிடுங்கி மண்ணோடு தின்பாளாம். வயிறு ஊதி, வாய்வழியாகப் புழு வந்து செத்தாளாம். "பச்சைக் காயைக் கையில வச்சிக்கிட்டு நீ நின்னே. அவ மூஞ்சியேதான் உனக்கு" என்றாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. அவள் என்னைக் கொடுத்தபோது நான் கைக்குழந்தை. நீங்கள் கொடுத்தபோது எனக்குப் பதினைந்து வயது. தமிழ் எழுதத் தெரியும், உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியும், அம்மாவுக்கு எந்தக் கால் வலிக்கும் என்று தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்தவள் நீ. அன்றைக்கு அந்தப் பேப்பரில் என்ன இருந்தது என்று உனக்குப் புரிந்ததா, புரியவில்லையா?

தனம்


நெய்வேலி,
14-10-1974

என் அன்புத் தனத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகத் தலையணை உறைக்குள் கிடக்கிறது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

புரிந்தது.

மனு எழுதுகிறவர் கடை வாசலில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவளைக் கூட்டிட்டுப் போனா எங்க அண்ணன் வீட்டுப் படி ஏத்தமாட்டார். வேலையும் வாங்கித் தரமாட்டார். உனக்கு மாப்பிள்ளையும் வராது. நான் படிச்சா அவ நம்பமாட்டா. நீ படிச்சா நம்புவா" என்றார். எனக்கு அப்போது பதினேழு. உள்ளே வந்து பேப்பரைக் கையில் எடுத்தேன். நீ என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாய். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன் தனம். பாஸ்போர்ட் என்று வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கப்பல் ஏறும்வரை அம்மாவிடம், நீ அடுத்த கப்பலில் வருவாய் என்று அப்பா சொன்னார். இங்கே வந்ததும், உனக்கே வரப் பிடிக்கவில்லை, உன் ஜனத்தோடு இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாய் என்றார். அம்மா நம்பவில்லை. என்னைக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு உன் கடிதங்களை அதற்குத் தோதாகத்தான் படித்தேன். நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாய், சீனம் நன்றாகப் பேசுகிறாய், அவர்கள் சாப்பாடு பிடித்துப்போய்விட்டது என்று.

எனக்கு வருகிற தையில் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் துரைராஜ், அனல் மின் நிலையத்தில் பர்மனென்ட். அவர்களிடம் வீட்டில் நான் ஒரே பெண் என்று சொல்லியிருக்கிறது. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அதுவரை கடிதம் போடாதே. கல்யாணம் முடிந்ததும் நானே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்கிறேன். இப்போது சொன்னால் அம்மா தாங்கமாட்டாள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அக்கா,
கலா


காடாம்புலியூர்,
10-2-1975

தங்கச்சி தனத்துக்குக் கொளஞ்சிநாதன் எழுதிகினது.

நானும் வூட்ல எல்லாரும் சொகம். நீ சொகமா இருக்கணும்னு மாரியாத்தாளை வேண்டிக்கறேன். கப்பலை வுட்டு எறங்கி ஒரு மாசம் ஆவுது. நீ குடுத்தனுப்பின காரியத்தை முடிச்சுட்டேன். முடிச்ச வெவரத்தை அப்படியே எழுதறேன், கூட்டலை கொறைக்கலை.

பண்ருட்டி போயி அங்கேருந்து பஸ் மாறி, ஞாயித்துக்கெழமை மத்தியானம் நெய்வேலி போனேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருந்துது. உங்கம்மா இசக்கியம்மாதான் கதவைத் தொறந்தாங்க. என்னைப் பாத்ததும் கையைப் புடிச்சிகினு லயத்து ஜனம் ஒவ்வொருத்தரா விசாரிச்சாங்க. உன்னை மட்டும் கேக்கலை. நானே சொன்னேன், "தனம் லெட்டர் குடுத்திருக்கும்மா" அப்படின்னு.

கலா உள்ளேருந்து ஓடியாந்துச்சு. மொகம் செத்துப் போச்சு. "குடுங்கண்ணே, நான் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன்"னு கையை நீட்டிச்சு.

"இல்லம்மா, என்னையத்தான் படிக்கச் சொல்லியிருக்கு" அப்படின்னேன்.

"உங்களுக்கு ஏன் செரமம்?"னு கவரோட ஒரு முனையைப் புடிச்சுடுச்சு. நான் வுடலை. உங்கம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. "ஏளா, கையை எடு. அவரு படிக்கட்டும்"னாங்க.

படிச்சேன். நான் அஞ்சாவதுதான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதுவே நல்லதாப் போச்சு, ஒவ்வொரு சொல்லும் தனியா வுழுந்துது. "வரமாட்டேன்னு நான் சொல்லலைம்மா"ங்கற எடத்துல உங்கம்மா, "என்ன? திரும்பப் படிங்க"ன்னாங்க. மூணு தடவை படிச்சேன்.

அப்புறம் கலாவைப் பாத்து, "அவ பழைய லெட்டரெல்லாம் எங்க வச்சிருக்கே? கொண்டா"ன்னாங்க. பொண்ணு அழுதுகினே கொண்டாந்துச்சு. நாலு கவரு. அத்தனையையும் படிக்க வெச்சாங்க. வெள்ளரிப் பிஞ்சுக்கு அந்தச் சீனத்தி அடிச்ச எடம் வந்துச்சு. "அப்படியா எழுதியிருக்கு? நல்லாப் பாருங்க. இவ படிக்கையில, அவிய என்னை ராணி மாதிரி வச்சிருக்காங்கன்னுல்ல படிச்சா"ன்னாங்க. அடுத்த நாளு காலைல அந்தக் கஞ்சியவே சுட வெச்சுக் குடுத்ததைப் படிச்சதும், "சாப்பிட்டாளா? சாப்பிட்டாளான்னு எழுதியிருக்கா?"ன்னு கேட்டாங்க. எழுதலைன்னு சொன்னேன்.

அந்த நேரம் பாத்து ஷிப்ட் முடிஞ்சு உங்கப்பா வந்துட்டாரு. சைக்கிளை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு, கீழ கெடந்த கவரைப் பாத்தாரு. "எல்லாம் இவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்"னு கலாவைக் காட்டினாரு. உங்கம்மா திரும்பியே பாக்கலை. "அண்ணாச்சி, பேனா இருக்கா? நான் சொல்லுதேன், எழுதுங்க"ன்னு என்கிட்ட சொன்னாங்க. அவரு நின்னுகினு இருக்கச்சியேதான் சொன்னாங்க. அவங்க சொன்னது இதுதான்.

"தனம், அம்மா பேசுதேன். நீ வரமாட்டேன்னு சொன்னதா இவிய ரெண்டு பேரும் சொன்னாவ. நான் நம்பிட்டேன். நம்பினதோட வுடலை. என்ன இருந்தாலும் சீனச்சி ரத்தம், காட்டிட்டாள்னு சொன்னேன். பதினஞ்சு வருஷம் என் இடுப்புல, என் முந்தானையில வளந்த பிள்ளையை இந்த வாயாலதான் சொன்னேன். பொங்கலுக்கு வந்தவங்க முன்னாடியும் சொன்னேன். யாரும் வந்து உனக்குச் சொல்லுததுக்கு முன்னால நானே சொல்லிப்புடுதேன். இவ உன் லெட்டரைப் படிக்கையில எனக்குச் சந்தேகம் வந்துது. நீ பேசுத மாதிரியே இல்லையேன்னு தோணிச்சு. அடுத்த வீட்டுல குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். கோவத்துல அதைச் செய்யலை. உன்னை இங்க கூட்டிவர எனக்கு வழி தெரியலை. அது நடக்கும்னு பொய் சொல்லமாட்டேன். கல்யாணத்துல வந்து நிப்பேன், ஊருக்காக. அதுக்கு மேல இவியகூட எனக்குப் பேச்சு இல்லை. கஞ்சியைக் குடிச்சியா பிள்ளை?"

அவ்வளவுதான் சொன்னாங்க.

வெளிய வந்தப்போ கலா வாசல் வரைக்கும் வந்து, "மாப்பிள்ளை வூட்டுக்குச் சொல்லிடாதீங்கண்ணே"ன்னு கேட்டுச்சு. அது என் வேலை இல்லைன்னுட்டேன். கல்யாணம் நல்லபடியா நடந்துடுச்சாம். நான் போவலை.

இப்படிக்கு,
கொளஞ்சிநாதன்


பினாங்கு,
6-4-1975

சந்திரகலாவுக்கு,

நான் தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன். இங்கே ரேடியோவுக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். போகிறேன் என்றதும் ஆசோ நிற்கச் சொல்லவில்லை. பஸ் வரை வந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்றாள். சரி என்றேன். அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் மலாய்ப் பெண்கள் பச்சை இலைகளைச் சம்பலில் தொட்டுத் தின்கிறார்கள். சீனப் பெண்கள் மூக்கைச் சுளித்துத் தட்டை நகர்த்திக்கொள்கிறார்கள். நான் நடுவில் உட்காருகிறேன். ஒரு நாள் ஆசையாக ஒரு கைப்பிடி இலை வாங்கித் தின்றேன். முழுக்க வாந்தி. ஒரு காலத்தில் வெண்டைப் பிஞ்சைச் செடியிலிருந்தே தின்ற வயிறு இது. அதுவும் மாறிவிட்டது.

வேலைக்கு மனு எழுதும்போது தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. இரண்டு பெயரும் எழுதவில்லை. வெறுமனே விட்டால் எடுக்கமாட்டோம் என்றார் கிளார்க். இறந்துவிட்டார் என்று எழுதினேன். ஒருத்தர் நிஜமாகவே இறந்தவர்தானே, பொய் இல்லை. இந்தத் தடவை மனு மலாயில் இருந்தது, நானே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இங்கே சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது, சேர்ந்திருக்கிறேன்.

அம்மா சொன்னது வந்து சேர்ந்தது. சீனச்சி ரத்தம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உன் பொய்யை விட அதுதான் எனக்கு வலித்தது. ஆனால் அதை என்னிடம் சொன்னது அவள்தான். கேட்காமலே சொன்னாள். நீ நான் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாய், கண்டுபிடித்ததும் கல்யாணம் வரை பொறு என்றாய்.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். நான் இன்னும் அதைப் பற்றி நினைக்கவில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

உனக்கு நான் எழுதுகிற கடைசிக் கடிதம் இது. இனி அம்மாவுக்கு மாதம் ஒன்று எழுதுவேன். அது அந்த வீட்டு விலாசத்துக்கு வராது. பக்கத்து வீட்டுச் செங்கமலம் அக்கா பெயருக்கு வரும். கொளஞ்சிநாதன் அண்ணன் போய்ப் பேசி முடித்துவிட்டார். எழுதியதை எழுதியபடி படிப்பதாக அந்த அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மா சொல்கிறதையும் அவரே எழுதுவார்.

தாய் வீட்டுக்கு நீ வரும்போது நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், அம்மாவிடம் கேள். அவளுக்கு இஷ்டம் இருந்தால் சொல்வாள்.

தனம்